இரண்டாவது குழாயில் வந்த ரத்தம்

பரிசோதனைக் கூடத்தின் மூன்றாம் மாடியில் அவருக்கு ரிஜெக்ட் சார் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அது காதுக்கு வந்த அன்று அவர் கோபப்படவில்லை; உள்ளூர மகிழ்ந்தார். தன்மேல் எறியப்பட்ட வசையைப் பட்டமாக வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்ளும் மனிதர்கள் உண்டு. அவர் அந்த வகை.

கோடியில் இருந்தது அவருடைய அறை. ஒரு குளிர்பெட்டி, முப்பத்தேழு டிகிரியில் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர்த் தொட்டி, ஒரு காலுக்கு அட்டை மடித்து முட்டுக் கொடுத்த சுழற்றும் எந்திரம். மேசையின் வலது ஓரத்தில் ஒரு ரப்பர் முத்திரை: 'மாதிரி கெட்டுவிட்டது. மீண்டும் எடுத்து அனுப்பவும்.' இருபத்தாறு வருடத்தில் அது மூன்றாவது முத்திரை. முதல் இரண்டும் குத்திக் குத்தியே தேய்ந்துபோனவை.

இளமையில் மருத்துவம் படிக்க இரண்டு முறை தேர்வு எழுதி, இரண்டு முறையும் தவறியவர். "அன்னைக்கு உங்கள வேணாம்னு சொன்ன உலகத்த, குழாய் குழாயா வேணாம்னு சொல்லித் தீத்துக்கிறீங்க" என்பாள் அவர் மனைவி. அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். சொல்வதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கும், அதனாலேயே அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. மகளுக்கு வந்த மூன்று மாப்பிள்ளைகளை அவர் தட்டிக்கழித்தார். ஒருவன் நடக்கும்போது காலைத் தேய்த்தான், ஒருவன் அதிகம் சிரித்தான், மூன்றாமவனிடம் குறை ஒன்றும் தெரியவில்லை, அதுவே சந்தேகமாகப் பட்டது. நாலாவது மாப்பிள்ளையை மகள் அவரிடம் காட்டவே இல்லை. கல்யாணம் முடிந்த புகைப்படத்தைத்தான் காட்டினாள்.

சாப்பிட உட்கார்ந்தால் தட்டை முகர்ந்து பார்ப்பார்.

"ஐஸ்ல வச்சுக் கொண்டு வரலங்க. அடுப்புலேருந்து நேரா வருது. முத்திர குத்தணும்னா குத்திட்டு எழுந்திரிங்க" என்பாள் மனைவி.

இவ்வளவு பேரையும் துச்சமாக நினைத்த அந்த மனிதர் உலகத்தில் ஒன்றே ஒன்றை மதித்தார். அதை ஆட்கள் யாரும் மதிப்பதில்லை, அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. ரத்தத்தில் மிதக்கும் முப்பது சொச்சம் புரதங்கள். நிரப்புப் புரதங்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். கூடத்தில் எல்லோரும் காம்ப்ளிமென்ட் என்பார்கள். பெரும்பாலும் ஈரலில் உண்டாகி, வேலை இல்லாத ஆட்கள்போல ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருப்பவை. கிருமி ஒன்று உள்ளே வந்து, அதன்மேல் எதிர்ப்பொருள் போய் ஒட்டிக்கொண்டால், இவற்றில் முதலாவது அதைப் பிடித்துக்கொள்ளும். அது அடுத்ததை வெட்டும், வெட்டுப்பட்டது அதற்கடுத்ததை வெட்டும். மூன்றாவது என்று எண்ணிடப்பட்டது வெட்டுப்படும்போதுதான் அமளி. அதன் ஒரு துண்டு கிருமியின் தோலில் ஒட்டி, விழுங்கும் அணுக்களுக்கு 'இவன்தான்' என்று அடையாளம் காட்டும். இன்னொரு துண்டு ஓடிப்போய் ஆள் கூட்டிவரும். அங்கிருந்து ஐந்தாவதில் தொடங்கி ஒன்பதாவது வரை வரிசையாகக் கோர்த்துக்கொண்டு கிருமியின் சுவரில் ஓட்டை போடும். ஓட்டை வழியே தண்ணீர் புகுந்து கிருமி வெடிக்கும்.

அவரைக் கவர்ந்தது இதுகூட அல்ல. அந்த மூன்றாவது புரதம், யாரும் கூப்பிடாமலே, எதிரி யாரும் இல்லாத நேரத்திலும், கொஞ்சம் கொஞ்சமாகத் தானே உடைந்துகொண்டிருக்கும். உடைந்த துண்டு கைக்குக் கிடைத்த எதன்மேலும் போய் ஒட்டும். சொந்த உடம்பின் அணுக்கள் தங்கள் மேலே வைத்திருக்கும் காவல் புரதங்களால் அதைத் தட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளும். அந்நியனிடம் அந்தக் காவல் இல்லை, மாட்டிக்கொள்வான்.

"பாத்தீங்களா?" என்பார், புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவரிடமும். "முதல்ல சந்தேகம். அப்புறந்தான் விசாரணை. உடம்புக்கே தெரிஞ்சிருக்கு, நமக்குத்தான் தெரியல."

அதே கதையில் இன்னொரு பாதி உண்டு என்பதை அவர் யோசித்ததில்லை. அந்தக் காவல் புரதங்கள் குறைந்துபோனவர்களின் உடம்பில் இதே நிரப்புப் புரதங்கள் சொந்த ரத்த அணுக்களையே உடைக்கின்றன, சொந்த சிறுநீரகத்தையே அரிக்கின்றன. தன்னைத் தடுத்து நிறுத்தும் ஒன்று தன்னிடமே இல்லாத சந்தேகம் காவல் ஆகாது, அது ஒரு நோய். இந்தப் பாதியும் அவர் மேசை இழுப்பறையில் இருந்த அதே புத்தகத்தின் அடுத்த பக்கத்தில்தான் இருந்தது. மனிதன் தனக்குப் பிடித்த பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறான்.

அவருடைய சோதனை எளிமையானது. செம்மறியாட்டின் சிவப்பணுக்களை எடுத்து, அவற்றின்மேல் எதிர்ப்பொருளைப் பூசி வைத்திருப்பார். நோயாளியின் ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிந்த நீரான சீரத்தை அதில் விட்டு, வெதுவெதுப்பான தொட்டியில் ஒரு மணி நேரம். பிறகு சுழற்றி எடுப்பார். நிரப்புப் புரதங்கள் வேலை செய்திருந்தால் ஆட்டின் அணுக்கள் ஓட்டை விழுந்து வெடித்து, குழாய் முழுக்கச் சிவந்திருக்கும். வேலை செய்யாவிட்டால் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் ஒரு சிவப்புப் பொட்டு. அதுதான் பூஜ்யம்.

இந்தப் புரதங்கள் வெயிலுக்கு ஆகாதவை. எடுத்த ரத்தத்திலிருந்து சீரத்தை நேரத்தோடு பிரித்து, குளிரில் உறையவைத்து, ஐஸில் அனுப்பாவிட்டால் வழியிலேயே செத்துப்போகும். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வந்த பூஜ்யங்களில் பெரும்பாலானவை அப்படி வந்தவைதான். அதிலிருந்து அவர் தனக்கென்று ஒரு வாக்கியம் செய்துகொண்டார்: "பூஜ்யம்ங்கறது ரிசல்ட் இல்ல. பூஜ்யம்ங்கறது அலட்சியம்." ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது நாளாக நாளாகச் சட்டமாக இறுகுவதற்கு இரண்டே பொருள் போதும்: ஒரு சோம்பேறி மூளை, ஒரு ரப்பர் முத்திரை. கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, தன் பிரிவில் யாராவது பூஜ்யம் என்று அடித்தால் அந்தக் கட்டம் தானாகவே 'மீண்டும் எடுக்கவும்' என்று மாறும்படி அமைக்கச் சொன்னார். அமைத்தும் கொடுத்தார்கள்.

சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு நாளும் நல்ல சீரம் ஒன்றையும் சேர்த்து வைப்பது வழக்கம். அது அவருடைய சொந்த ரத்தம். கூடத்திலேயே எடுத்து, கூடத்திலேயே உறையவைத்தது. "என் ரத்தம் ஒருநாளும் ஏமாத்தினதில்ல" என்பார். ஏமாற்ற வழியே இல்லை. அது அறையைவிட்டு வெளியே போனதே கிடையாது.

மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் கூடத்துக்கு ஒரு கிளை இருந்தது. இரண்டு நாற்காலி, ஒரு திரைச்சீலை, ரத்தம் எடுக்க ஒரு அம்மாள். நாற்பத்தைந்து வயது, எந்தக் கையிலும் முதல் குத்திலேயே நரம்பைப் பிடிப்பவள். அவள் அனுப்பும் பெட்டி கூரியர்காரன் வண்டியில் வரும். ரிஜெக்ட் சார் அவளை நேரில் பார்த்ததில்லை. பெட்டியைத்தான் பார்த்திருக்கிறார். ஆகவே ஐஸ்பெட்டி என்று பெயர் வைத்தார். "ஐஸ்பெட்டி இன்னைக்கு என்ன ரசம் வச்சு அனுப்பியிருக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் மூடியைத் திறப்பார்.

ஒரு நாள் அந்தப் பெட்டியில் ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணின் சீரம் வந்தது. சீட்டில் டாக்டர் எழுதியிருந்தார்: இரண்டு முறை மூளைக்காய்ச்சல், பதின்மூன்று வயதில் ஒரு முறை, போன வருடம் ஒரு முறை, இரண்டு முறையும் ஒரே கிருமி. நிரப்புப் புரதங்களைப் பார்க்கவும்.

சீட்டைப் படித்தவனுக்கு உடனே ஒரு மணி அடித்திருக்க வேண்டும். அந்த ஒரு கிருமிக் குடும்பத்தைப் பெரும்பாலும் ஓட்டை போட்டுத்தான் கொல்ல முடியும் என்பது அவருக்குத் தெரியும். ஐந்திலிருந்து ஒன்பது வரையான வரிசையில் ஒன்று பிறவியிலேயே இல்லாதவர்கள், மற்றபடி எல்லாரையும்போல ஆரோக்கியமாக இருந்து, அந்த ஒரு கிருமியிடம் மட்டும் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்வார்கள். இதையும் கரைத்துக் குடித்தவர்தான்.

குழாயின் அடியில் சிவப்புப் பொட்டு. மேலே தெளிந்த தண்ணீர். முத்திரை.

பத்து நாளில் இரண்டாவது மாதிரி வந்தது. சிவப்புப் பொட்டு. முத்திரை. மறுநாள் தொலைபேசி வந்தது.

"சார், கிளையிலேருந்து பேசறேன். அந்தப் பொண்ணு ரத்தத்த நானே பிரிச்சு, நானே உறைய வச்சேன் சார். பெட்டி திறக்கும்போது ஐஸ் இருந்துச்சா இல்லயா?"

"இருந்துச்சு."

"அப்புறம் எப்படி சார் கெடும்?"

"ஏம்மா, ஐஸ் இப்ப இருந்துச்சு. நடுவுல இருந்துச்சான்னு யாருக்குத் தெரியும்? வழியில டீக்கடை வாசல்ல வெயில்ல வச்சிருப்பான். நீ ஊசி குத்தற வேலையப் பாரு, நான் என் வேலையப் பாக்கறேன்."

"அந்தப் பொண்ணு அடுத்த மாசம் ஹாஸ்டலுக்குப் போகுது சார். ஒரே அறையில எட்டுப் பேர். இந்தக் காய்ச்சல் கூட்டத்துலதான் பரவுமாம், டாக்டர் பயப்படறார். ரிப்போர்ட் இருந்தாத்தான் இதுக்கான தடுப்பூசிய வரவழைச்சுத் தருவாங்களாம். ரிப்போர்ட்டே இல்லாம அவர் என்னத்த எழுதுவார்?"

"நல்ல மாதிரி அனுப்பு, ரிப்போர்ட் வரும்."

வைத்துவிட்டார். டாக்டரையும் திட்டிக்கொண்டார். அதில் மட்டும் தவறு சொல்ல முடியாது. ஒரு காகிதம் வராததற்காக ஒரு பெண்ணை மூன்றாவது காய்ச்சலின் வாசல்வரை நடக்கவிடுகிற டாக்டர் திட்டுக்கு உரியவர்தான்.

இரண்டு நாள் கழித்து ஒரு மனிதர் கூடத்தின் முன்மேசையில் வந்து நின்றார். நன்றாகத் தேய்த்த வெள்ளைச் சட்டை, கை முழுக்கப் பழைய சூட்டுத் தழும்பு. சலவைக் கடை வைத்திருப்பவர். அந்தப் பெண்ணின் அப்பா. மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்திருக்கிறார், ரிஜெக்ட் சாரைப் பார்க்காமல் போகமாட்டாராம். அவர் கீழே இறங்கி வந்தார். வந்த விதத்திலேயே இரண்டு நிமிடத்துக்கு மேல் இல்லை என்பது தெரிந்தது.

"சார், எம் பொண்ணு ரத்தம் ரெண்டு தடவ வந்துச்சு. ரெண்டு தடவயும் கெட்டுப்போச்சுன்னாங்க."

"ஆமா."

"கெட்டது ரத்தமா சார், பெட்டியா?"

"பெட்டி. கொண்டு வந்த லட்சணம்."

"அது எப்படி சார் தெரியும்?"

இருபத்தாறு வருடத்தில் யாரும் அவரை இதைக் கேட்டதில்லை. கோபம் வந்தது.

"எனக்குத் தெரியும்ங்க."

"இல்ல சார், தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். நம்ம கடையில ஒருத்தர் சட்ட சாயம் போச்சுன்னு சண்டைக்கு வருவார். தப்பு சட்டையிலயா, நம்ம தண்ணியிலயா? அவர் சட்டைய மட்டும் பாத்துச் சொல்ல முடியாது. அதனால அதே தொட்டியில என் சட்ட ஒண்ணையும் சேத்து ஊறப் போடுவேன். என்னுது நல்லா வந்து அவரது மட்டும் போச்சுன்னா, தப்பு துணியில. ரெண்டும் போச்சுன்னா, தப்பு என்மேல."

"இது சலவைக் கடை இல்லங்க."

"தெரியுது சார். சலவைக் கடைன்னா ரெண்டு தடவ திருப்பி அனுப்பியிருக்க முடியாது. வாடிக்க போயிடும்."

முன்மேசைப் பெண் சிரிப்பை அடக்க இருமினாள். ரிஜெக்ட் சார் படியேறிப் போனார். அறைக்கு வந்ததும் கேலியாக ஒரு தரம் சொல்லிப் பார்த்தார்: "என் சட்ட ஒண்ணையும் சேத்து!" தன் ஒப்பீட்டுக் குழாய் நினைவுக்கு வரவில்லை. அது சோதனை சரி என்று சொல்லும், பயணம் சரி என்று சொல்லாது என்ற நினைப்பும் வரவில்லை. சலவைக்காரர் வந்து கொடுத்துவிட்டுப் போனது இருபத்தாறு வருடமாக அவர் அறையில் இல்லாத ஒரே பொருள். அவர் அதைக் காலால் தள்ளிவிட்டு டீ குடித்தார்.

அடுத்த வாரம் மூன்றாவது மாதிரி வந்தது. ஹாஸ்டலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பெட்டியில் இந்தத் தடவை இரண்டு குழாய்கள். ஒன்றில் பெண்ணின் பெயர். இன்னொன்றின் சீட்டில், அழகான உருண்டைக் கையெழுத்தில், 'ஐஸ்பெட்டி'.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பெயர் மூன்று மணி நேரத் தொலைவைக் கடந்து அவளுக்கு எட்டியிருந்தது. கூடவே மடித்த காகிதம்: 'சார், ரெண்டையும் ஒரே நேரத்தில் எடுத்து, ஒன்றாகப் பிரித்து, ஒரே ஐஸில் வைத்திருக்கிறேன். இரண்டாவது என் ரத்தம். அவளுடைய அப்பா, சலவைக் கடைக்காரர், சொன்ன யோசனை. என்னுடையதும் கெட்டிருந்தால் என்னைத் திட்டுங்கள். நன்றாக இருந்தால் அந்தப் பெண்ணை நம்புங்கள்.'

அனுமதி இல்லாத மாதிரி என்று இரண்டையும் தூக்கி எறிந்திருக்கலாம், விதிப்படி. அவர் எறியவில்லை. நல்ல எண்ணம் என்று யாரும் அவசரப்பட்டு நினைக்க வேண்டாம். இரண்டிலும் பூஜ்யம் வரும், அதை எழுத்தில் வைத்து மேலிடத்துக்கு அனுப்பி, அந்த அம்மாளை அந்த நாற்காலியிலிருந்து கிளப்பிவிடலாம் என்பதுதான் கணக்கு. ஒரு பெண்ணின் உயிரை அன்று காப்பாற்றியது ஒரு மனிதனின் துவேஷம். நல்ல காரியங்களின் பிறப்பை ஆராயப் போனால் பலதும் இப்படித்தான் முகம் சுளிக்க வைக்கும்.

ஒரு மணி நேரம் தொட்டியில். சுழற்றும் எந்திரம் அட்டைக் காலில் தடதடத்து நின்றது. மூடியைத் திறந்தார்.

அவருடைய சொந்த ரத்தம் விட்ட குழாய், சிவப்பு. ஐஸ்பெட்டியின் குழாய், சிவப்பு; சொல்லப்போனால் அவருடையதைவிட ஒரு பிடி கூடவே சிவப்பு. அந்தப் பெண்ணின் குழாயில் தெளிந்த தண்ணீர், அடியில் பொட்டு.

முதலில் அவர் செய்தது, அம்மாள் ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறாள் என்று நினைத்தது. குழாய்களை மாற்றிப் பார்த்தார். புதிதாக ஆட்டணுக்களைக் கலந்து மறுபடி வைத்தார். அதே சிவப்பு, அதே பொட்டு. பெண்ணின் ரத்தத்தில் வேலையைத் தடுக்கும் வேறு ஏதாவது இருக்கலாமே என்று தோன்றியது. அப்படியானால் நல்ல சீரத்தைக் கலந்தாலும் தடுக்க வேண்டும். ஐஸ்பெட்டியின் சீரத்தை, தனியாக விட்டால் ரோஜா நிறம்கூட ஏறாத அளவுக்கு நீர்க்கவைத்து, அதில் ஒரு சொட்டைப் பெண்ணின் சீரத்தில் சேர்த்தார்.

குழாய் முழுக்கச் சிவந்தது.

அந்தப் பெண்ணின் ரத்தத்தில் தடுக்க ஒன்றும் இல்லை. இல்லாமல் போன ஒன்றுதான் இருந்தது. முப்பது பேர் வரும் பட்டறையில் இருபத்தொன்பது பேர் நேரத்துக்கு வந்து, சாவி வைத்திருக்கும் ஒருவன் மட்டும் பிறந்ததிலிருந்தே வராததுபோல. நீர்த்த ஒரு சொட்டில் அந்த ஒருவன் வந்துவிட்டான், கதவு திறந்துவிட்டது. ரிஜெக்ட் சார் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். தான் உலகத்தில் மதித்த ஒரே ஒன்று மூன்று தடவை அவர் அறைக்கு வந்து, 'நான் இங்கே முழுதாக இல்லை' என்று சொல்லியிருக்கிறது. இரண்டு தடவை அவர் அதன் முகத்தில் முத்திரை குத்தியிருக்கிறார்.

விடையை எழுத உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் பூஜ்யம் அடித்தார். கட்டம் சிவந்து 'மீண்டும் எடுக்கவும்' என்று மாறியது. மறுபடி அடித்தார். மறுபடி மாறியது.

கம்ப்யூட்டர்காரர் தரைத்தளத்தில் படிக்கு அடியில் இருந்த அறையில் உட்கார்ந்திருப்பார். இடுப்புவலிக்காரர், நாற்காலியில் தலையணை. அவரை ரிஜெக்ட் சார் ஒருநாளும் மனிதராக மதித்ததில்லை. இப்போது அவர் கதவோரம் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"ஜீரோ அடிச்சா எடுக்க மாட்டேங்குது."

"எடுக்காது சார். நீங்கதான அப்படி வைக்கச் சொன்னீங்க?"

"இப்ப எடுக்கணும்."

"ஏன் சார், ஜீரோங்கறது அலட்சியம்னு சொல்வீங்க?"

"எடுக்கணும்னு சொல்றேன்ல?" என்று எரிந்து விழுந்தார். பிறகு, குரல் தானாகவே இறங்கியது. "ஒரு பொண்ணுக்கு நிஜமாவே ஜீரோ."

கம்ப்யூட்டர்காரர் நாலு வரியை மாற்றினார். ஐந்து நிமிட வேலை. விடை பதிவாகி, கிளைக்குப் போயிற்று. போன கையோடு ரிஜெக்ட் சார் அங்கிருந்தே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஏம்மா, ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன். டாக்டர்கிட்ட இன்னைக்கே கொடுக்கச் சொல்லு. கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்களுக்கும் பாக்கணும். எது இல்லன்னு கண்டுபிடிக்கப் பெரிய கூடத்துக்கு அனுப்பறேன், அதுக்காகத் தடுப்பூசிய நிறுத்தி வைக்க வேணாம்."

"சரிங்க சார்." பிறகு, "என்னுது எப்படி சார் இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"உங்களுதவிடவா?"

"ஐஸ் நல்லா வச்சிருந்த" என்றார். அவர் வாழ்க்கையில் ஒரு மனிதரைப் பாராட்டியது அது ஒரு தடவைதான். அதுவும் ஐஸைத்தான்.

"அப்ப முன்னாடி ரெண்டு தடவயும் நல்லாத்தான சார் வச்சிருந்தேன்?" என்றாள் அவள். வைத்துவிட்டாள்.

அவர் கிளம்பத் திரும்பினார். கம்ப்யூட்டர்காரர் தலையணையைச் சரிசெய்துகொண்டே சாதாரணமாகக் கேட்டார்:

"ஏன் சார், இத்தன வருஷத்துல இந்தப் பொண்ணு ஒருத்திக்குத்தான் நிஜ ஜீரோவா?"

ரிஜெக்ட் சார் கதவுப்பிடியில் கை வைத்தபடி நின்றார்.

"கட்டம் மாறறதுக்கு முன்னாடி நீங்க அடிச்ச ஜீரோவெல்லாம் உள்ள பத்திரமா இருக்கு சார். திரும்ப ரத்தம் அனுப்பினவங்க யாரு, அனுப்பாமலே விட்டவங்க யாருன்னும் பிரிக்கலாம். பதினோரு வருஷத்துக்கு இருக்கு. எடுத்துத் தரவா?"

வேண்டாம் என்று சொல்லியிருப்பார். வாய்வரை வந்தது. அந்த வார்த்தை அவருக்கு அவ்வளவு பழக்கம். ஆனால் அதற்குள் கம்ப்யூட்டர்காரர் பொத்தானை அழுத்திவிட்டார். மூலையில் இருந்த அச்சு எந்திரம் முனகத் தொடங்கியது. முதல் தாள் வந்து விழுந்தது. இரண்டாவது. அவர் குனிந்து எடுத்தார். திரும்ப அனுப்பாதவர்கள் தனியாக, மேலே. முப்பத்தெட்டுப் பெயர். இதில் எத்தனை டீக்கடை வாசல் வெயில், எத்தனை பிறவிக் குறை, இதில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், எதுவும் தாளில் இல்லை.

அந்தப் பெண் குறித்த நாளில் ஹாஸ்டலுக்குப் போனாள், தடுப்பூசி போட்டுக்கொண்டு, காய்ச்சல் வந்தால் உடனே காட்ட ஒரு அட்டையுடன். ஆறாவது புரதம் அவளிடம் இல்லை என்று பெரிய கூடத்திலிருந்து பிறகு வந்தது. அவள் தம்பியிடமும் இல்லை.

ரிஜெக்ட் சாரின் மேசையில் முத்திரை இருந்த இடத்தில் இப்போது அந்தத் தாள் இருக்கிறது. மத்தியானங்களில் அவர் அதில் இருக்கும் தொலைபேசி எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறார். பாதி எண்கள் இப்போது உபயோகத்தில் இல்லை. எடுப்பவர்களிடம், மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும், கூடவே, தெரிந்தவர் ஒருவரையும் கூட்டிவந்து அவர் ரத்தத்தையும் கொடுக்க வேண்டும் என்கிறார். ஏன் என்று கேட்டால் அவரால் சுருக்கமாகச் சொல்ல முடிவதில்லை. போன வாரம் ஒரு கிழவர் எரிச்சலோடு கேட்டார்: "ஏன் சார், அன்னைக்குக் கெட்டது எங்க ரத்தமா, இல்ல உங்க பெட்டியா?"

"தெரியலங்க" என்றார் ரிஜெக்ட் சார். அடுத்த எண்ணுக்கு விரல் போயிற்று.